பாண்ட் ட்ரில் வரைய இரண்டு திரை: எதை எங்கே வைப்பது

ஒரே திரையில் ட்ரில் வரைபவருக்கு, அதாவது அணிநடை பாண்டில் எவர் எப்போது மைதானத்தில் எங்கே நிற்பது என்று வரைபவருக்கு, நாளில் பாதி, மைதானத்தை மூடி ஸ்கோரை (இசைக்குறிப்பை) திறப்பதிலும் ஸ்கோரை மூடி மைதானத்தைத் திறப்பதிலுமே போய்விடும். பதினாறாவது கவுண்டில் (தாள எண்ணிக்கையில்) மூன்றாவது கிளாரினெட் எங்கே நின்றது என்பது அதற்குள் மறந்துபோகும். இரண்டாவது மொனிட்டர் இதற்குத்தான். ஆனால் அதை வாங்கியதும் பலர் மைதானத்தை இரண்டு திரைக்கும் சேர்த்து இழுத்து விரித்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு மொனிட்டர்களின் சட்டங்களும் சேரும் கறுப்புப் பட்டை நேரே நடுக்கோட்டில் விழும். சமச்சீரான உருவங்களெல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான் வரையப்படுகின்றன. மைதானம் முழுதாக ஒரு திரையில் இருக்கட்டும். மற்றது படிக்கவும் கேட்கவும்.

முதலில் மைதானத்தின் அளவு. பைவேர், ஓப்பன்மார்ச் போன்ற ட்ரில் மென்பொருட்கள் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே 5 யார் (கெஜம்) தூரத்துக்கு 8 காலடி, அதாவது ஒரு காலடி 57.15 சென்ரிமீற்றர். திருகோணமலையில் மெக்கெய்சர் மைதானத்திலோ பாடசாலை மைதானத்திலோ சுண்ணாம்புக் கோடு போடுபவர் கையில் இருப்பது மீற்றர் நாடா. 5 மீற்றருக்கு 8 காலடி என்றால் ஒன்று 62.5 சென்ரிமீற்றர். வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். 16 காலடியில் அது 85 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும், ஒரு ஆள் நிற்கும் இடம் அப்படியே தவறிப்போகும். மென்பொருளில் கட்டத்தின் அளவை மாற்ற முடிந்தால் முதல் புள்ளி (ஒரு ஆள் நிற்கும் இடம்) வைக்குமுன் மாற்றுங்கள். முடியாவிட்டால் கெஜக் கணக்கை மறந்து, ‘8 காலடிக்கு ஒரு கோடு’ என்று மட்டும் வைத்துக்கொண்டு மைதானத்தில் அந்தக் கோடுகளை 5 மீற்றருக்கு ஒன்றாகப் போடுங்கள். இரண்டையும் கலக்காதவரை ஒன்றும் கெடாது.

400 மீற்றர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீற்றர். அதனால் உள்ளே 80 மீற்றர் நீளம், 40 மீற்றர் ஆழம் என்று எடுத்துக்கொண்டால் 128க்கு 64 காலடி கிடைக்கும். பல பாடசாலைகளில் இவ்வளவு இடம் இராது. நாடா பிடித்து அளந்த பிறகே எண்ணைப் போடுங்கள்.

இப்போது திரை. கருவிப்பட்டிகளுக்கு 300 பிக்சல் போனால், 1366 பிக்சல் அகலமுள்ள மடிக்கணினியில் ஒரு காலடிக்கு 8 பிக்சல்தான் மிஞ்சும். இரண்டு காலடி இடைவெளியில் நிற்பவர்களின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். 1920 பிக்சல் மொனிட்டரில் 12, 2560இல் 17. ஆகவே கையில் இருப்பவற்றில் பிக்சல் கூடியதுதான் மைதானத்துக்கு. மடிக்கணினியின் சொந்தத் திரை ஸ்கோருக்குப் போதும்.

ஸ்கோர்த் திரைக்குப் புதிதாகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பழைய 19 அங்குலச் சதுரத் திரை, அதாவது 1280க்கு 1024 வகை, ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரம். ஏ4 தாளின் உயரம் 29.7. ஒரு பக்கம் உள்ள அளவிலேயே நிற்கும், பக்கத்தில் மிச்ச இடமும் இருக்கும். 24 அங்குல அகலத்திரை என்றால் அதை நெடுக்காகத் திருப்பிவையுங்கள்: மேலே ஸ்கோரின் முழுப் பக்கம், கீழே மிஞ்சும் 390 பிக்சலில் ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் ஒலியலை. ஐபிஎஸ் வகைத் திரையாகப் பார்த்து எடுங்கள். மலிவான டிஎன் திரையை நெடுக்காக வைத்தால் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறும். எழுத்தோரத்தில் நிறம் கசிவதுபோல் தெரிந்தால், விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் அமைப்பை அந்தத் திரைக்கு மறுபடி ஓட்டுங்கள்.

இணைப்பில் தடுமாறும் இடங்கள் சில. தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள மேசைக் கணினியில் இரண்டு வயரையும் அந்தக் கார்டிலேயே குத்துங்கள். ஒன்றை மதர்போர்டில் குத்தினால் பல கணினிகளில் அந்தத் திரை கறுப்பாகவே இருக்கும். யூஎஸ்பி-சி துளை எல்லாம் படம் அனுப்பாது. பழைய விஜிஏ மொனிட்டருக்கு எச்டிஎம்ஐயிலிருந்து போக, உள்ளே மின்சுற்று உள்ள மாற்றி வேண்டும். வெறும் வயர் வேலை செய்யாது.

விண்டோஸ் விசையுடன் பி எழுத்தை அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு டிஸ்பிளே அமைப்பில் ஐடென்டிபை கொடுத்து, மேசையில் திரைகள் இருக்கும் அதே ஒழுங்கில் பெட்டிகளை இழுத்து வையுங்கள். மைதானத் திரையை முதன்மைத் திரையாக்குங்கள். அது முகத்துக்கு நேரே இருக்க வேண்டும், மற்றது 20, 30 பாகை திரும்பிப் பக்கத்தில். வலக்கையால் மௌஸ் பிடிப்பவர் ஸ்கோரை இடப்பக்கம் வைத்தால் மௌஸுக்கு இடம் கிடைக்கும். இரண்டு திரைக்கும் வேறுவேறு ஸ்கேல் இருந்தால் சில மென்பொருட்களில் எழுத்து மங்கும், அல்லது பொத்தான்கள் எறும்பளவு சுருங்கும். இரண்டையும் ஒரே சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சாளரத்தை அடுத்த திரைக்கு அனுப்ப விண்டோஸ், ஷிஃப்ட், அம்பு விசைகள் மூன்றும் சேர.

எச்டிஎம்ஐ குத்தியதும் சத்தம் நின்றுவிட்டதா? கணினி ஒலியை மொனிட்டருக்கு அனுப்பிவிட்டது, மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. ஒலி அமைப்பில் பழைய ஸ்பீக்கரைத் திரும்பத் தெரிவு செய்யுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் இந்த வேலைக்கு உதவாது. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஒரு கவுண்ட் அரை வினாடி, புளூடூத் 0.1 முதல் 0.2 வினாடி பிந்தினால் புள்ளிகள் தாளத்துக்கு முந்திப் போவதாகத் தோன்றும், இல்லாத பிழையைத் திருத்தத் தொடங்குவீர்கள். வயர் ஹெட்போன் போதும். திரை காட்டாத பிந்தல் ஒன்றும் இருக்கிறது: நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு சுமார் 350 மீற்றர் போகும். 40 மீற்றர் பின்னால் நிற்கும் ட்ரம்மின் அடி முன்வரிசைக்கு வர 0.11 வினாடி எடுக்கும். ட்ரம்மை நடுக்கோட்டில் பின்பக்கமாக வைத்து, முன்னால் இருப்பவர்கள் அதைக் கேட்டு ஊதும்படி வரையுங்கள். இரண்டு மூலையிலும் ட்ரம்மைப் பிரித்து வைத்தால் திரையில் அழகு, மைதானத்தில் குழப்பம்.

ஸ்கோருக்கு அடுத்து இரண்டாவது திரையில் இடம் பெற வேண்டியது நடைத்தூரக் கணக்கு. எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபிஸில் ஒரு தாள் திறந்து, ஒவ்வொருவருக்கும் பக்கவாட்டு நகர்வு, முன்பின் நகர்வு (இரண்டும் சென்ரிமீற்றரில்), கவுண்ட் என்று மூன்று நிரல் போடுங்கள். முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கவுண்டால் வகுத்தால் ஒரு காலடியின் நீளம் வரும். 75 சென்ரிமீற்றரைத் தாண்டும் கலத்தைச் சிவப்பாக்குங்கள். பெரும்பாலும் அகப்படுவது மூலைவிட்ட நகர்வுதான்: 8 கவுண்டில் பக்கத்துக்கு 8, முன்னுக்கு 8 காலடி என்றால் திரையில் ஒழுங்காகத்தான் தெரியும். கணக்கில் ஒரு காலடி 88 சென்ரிமீற்றர். பேஸ் ட்ரம் சுமக்கும் பிள்ளை அதை நடக்க மாட்டாது, ஓடும். கவுண்டை 12 ஆக்கினால் 59க்கு இறங்கிவிடும்.

வரைந்து முடித்த செட்டை, அதாவது உருவத்தை, சோதிக்கும்போது ஸ்கோரை ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் முப்பரிமாணக் காட்சியைத் திறவுங்கள். மென்பொருள் அதைத் தனிச் சாளரமாகப் பிரிக்கவிடாவிட்டால் வீடியோவாக ஏற்றுமதி செய்து ஓட்டுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பதால்தான் நம் பாடசாலைகளில் நல்ல ட்ரில்கள் வீணாகின்றன. மேலிருந்து பார்த்து வரைகிறோம். பிரதம விருந்தினர் பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்து பார்க்கிறார். ஒரு மீற்றர் உயர மேடையில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 2.2 மீற்றர். 20 மீற்றருக்கு அப்பால் தொடங்கும் 8 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் அகலம் அவருக்கு 19 பாகையாகத் தெரியும், ஆழம் 2 பாகைகூட இல்லை. அவர் பார்ப்பது ஒரு கோடு. ஆகவே கமராவின் உயரத்தை 2.2இல் வையுங்கள், தரையில் கதிரை என்றால் 1.2இல். பாடசாலையின் பெயரெழுத்தைத் தரையில் எழுதும் ஆசை அந்தக் காட்சியைப் பார்த்ததும் அடங்கிவிடும். தாழ்ந்த கண்ணுக்கு நன்றாகத் தெரிபவை மூலைவிட்டக் கோடுகள், திறந்து மூடும் இடைவெளிகள், முழுவரிசையாக முன்னேறும் நகர்வு.

விளையாட்டுப் போட்டிகள் முதலாம் தவணையில் வருவதால் வரையும் வேலை மாரியில் விழும். அந்த நாட்களில் மின்வெட்டுக்குத் தயாராக இருங்கள். இரண்டு 24 அங்குலத் திரையும் மடிக்கணினியும் சேர்ந்தாலும் 120 வாட்டுக்குள்தான், 650 விஏ யூபிஎஸ் சேமித்து மூடும் நேரத்துக்குப் போதும். லேசர் பிரிண்டரை அதில் குத்தவேண்டாம். மொனிட்டர் அணைந்து வந்தபின் சாளரங்கள் இடம்மாறினால், விண்டோஸ் 11இன் டிஸ்பிளே அமைப்பில் சாளர இடங்களை நினைவில் வைக்கும் தெரிவை இயக்குங்கள். ஒரு சாளரம் கண்ணுக்கே அகப்படாவிட்டால் ஆல்ட், ஸ்பேஸ், பிறகு எம், பிறகு அம்பு விசை. அது திரைக்குள் நகர்ந்து வரும்.

உப்புவெளியிலோ டச் விரிகுடாப் பக்கமோ வீடு என்றால் உப்புக்காற்று வயர் முனைகளைப் பிடிக்கும். திரை விட்டுவிட்டு மின்னினால் மொனிட்டரைக் குறைசொல்லுமுன் மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, முனையை ஐசோபுரொபைல் அற்ககோலால் துடைத்து, காய்ந்தபின் குத்துங்கள். அரத்தாள் படக்கூடாது. மொனிட்டரின் முதுகு கடல்பக்க ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கான புள்ளிச் சீட்டு, அதாவது நிற்கும் இடத்தைச் சொல்லும் சீட்டு. திரையில் கிளாரினெட் நீலம், ட்ரம்பெட் சிவப்பு என்று பிரித்திருப்பீர்கள். கறுப்புவெள்ளையில் அச்சிட்டால் இரண்டும் ஒரே சாம்பல். நிறத்தோடு வடிவத்தையும், வட்டம், முக்கோணம், சதுரம் என்று, மாற்றிவிட்டு அச்சிடுங்கள். சீட்டில் ‘நடுக்கோட்டிலிருந்து வலம் 12, முன்கோட்டிலிருந்து 20’ என்று எழுதும்போது வலம் யாருடைய வலம் என்று மேலே ஒரு வரி போட மறக்காதீர்கள்: பந்தலைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் வலம் திரையில் உங்களுக்கு இடம்.