குரல் கம்மலை மதிப்பிடுதல்: முதலில் காது, பிறகு கை, அதன்பின் கணினி

பேச்சுப் பயிற்சித் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள், குரல் கம்மியவர் எதிரே அமர்ந்தவுடன் மைக்கைத் தேடுகிறார்கள். அதற்கு முன் அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் ஓர் அம்மா, "விடியக்காலம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஏலம் முடியறதுக்குள்ள தொண்டை கட்டிக்குது" என்றார். உழைக்க உழைக்கக் கம்மும் குரல் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. எத்தனை வாரமாக இருக்கிறது, புகைப்பழக்கம், நெஞ்செரிச்சல், கழுத்தில் அறுவை சிகிச்சை உண்டா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1981-இல் ஜப்பானிய மருத்துவர் ஹிரானோவின் நூல் வழியே உலகெங்கும் பரவிய ஜி.ஆர்.பி.ஏ.எஸ். அளவுகோலின்படி, மொத்தக் கம்மல், கரகரப்பு, காற்றுக் கசிவு, வலுவின்மை, இறுக்கம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுங்கள். குரல்நாண்கள் ஒழுங்கின்றி அதிர்ந்தால் கரகரப்பு வரும். அவை முழுதாக மூடாவிட்டால் காற்று கசியும்.

ஒரே மூச்சில் 'ஆ' என்று இயன்றவரை நீட்டச் சொல்லி, மூன்று முயற்சிகளில் நீண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது 10 நொடிக்கும் குறைந்தால் ஐயப்பட வேண்டும். குரல்நாண் அதிராத 'ஸ்', அதிரும் 'இசட்' (z) ஆகிய ஒலிகளின் நேரத்தை ஒப்பிடும் சோதனையில் மட்டும் எச்சரிக்கை தேவை. இசட் ஒலி தமிழில் இல்லாததால், பலர் இரண்டு முறையும் 'ஸ்' என்றே ஒலிப்பார்கள். குரல்வளை மேல் விரல் வைத்து, அதிர்வு இருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

விரல் அங்கே இருக்கும்போதே கழுத்தையும் ஆராயுங்கள். குரல்வளையை மெல்ல இடவலமாக அசைத்துப் பாருங்கள். குரல்வளைக்கும் அதன் மேலேயுள்ள நாவடி எலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு அங்கே விரல் நுனி பதியவும் இடமில்லை; தொட்டதும் முகம் சுளித்தார். தசை இறுக்கத்தின் அடையாளம் அது.

இனிக் கணினி. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போர்ஸ்மாவும் வீனிங்கும் உருவாக்கிய, ஒலியை ஆராயும் பிராட் மென்பொருள் இலவசமானது. எவ்வளவு புழுக்கமானாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து மைக்கை ஒரே தொலைவில் வைத்து, 'ஆ' ஒலியைப் பதிந்து, நடுப்பகுதியை மட்டும் அளவிடுங்கள். அதிர்வே சீர்குலைந்த குரலில் ஜிட்டர் (அதிர்வுக்கு அதிர்வு சுருதி மாறும் அளவு), ஷிம்மர் (அவ்வாறே ஒலி வலிமை மாறும் அளவு) எண்களை நம்ப இயலாது. அங்கே காதின் தீர்ப்பே மேலானது.

ஆனால் குரல்நாணிலுள்ள முடிச்சையும் புற்றையும் காதும் கணினியும் பிரித்துச் சொல்லா. 4 வாரத்துக்கு மேல் நீடிக்கும் கம்மலுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் லாரிங்கோஸ்கோபி, அதாவது குரல்வளையை உள்ளே பார்க்கும் பரிசோதனை, தேவை. மூச்சுத்திணறலோ கழுத்துக் கட்டியோ புகைப்பழக்கமோ இருந்தால் அதுவரையும் காத்திருக்கக் கூடாது. அந்த அம்மாவைப் புதுச்சேரிக்கு அனுப்பி, குரல்நாண்களைப் பார்த்த மருத்துவரின் அறிக்கை வந்த பிறகே பயிற்சியைத் தொடங்கினேன்.