கிபாலே காட்டில் குரங்கை அடையாளம் காண

உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் சிம்பன்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தேவாங்கின் உறவான பொட்டோ உட்பட, குரங்குகளும் அவற்றின் உறவுகளுமாக 13 இனங்கள் அங்கே உண்டு.

பைனாகுலரில் முதலில் முகத்தைப் பாருங்கள். மூக்கின் மேல் இதய வடிவில், பஞ்சை ஒட்டியதுபோல வெள்ளைப் பொட்டு இருந்தால் செவ்வால் குரங்கு. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத முகம்! செம்பட்டைத் தலையோடு கூட்டமாக இலை மென்றால் சிவப்புக் கொலோபஸ். அதற்குக் கட்டைவிரல் வெறும் முண்டுதான். தோளில் வெள்ளை முடி சால்வைபோலத் தொங்கினால் கருப்பு வெள்ளைக் கொலோபஸ்.

அப்புறம், பக்கத்திலுள்ள பிகோடி சதுப்பு நிலத்தையும் விடாதீர்கள். உள்ளூர் வழிகாட்டியோடு நடந்தே பார்க்கலாம். குரங்குகளிடம் தின்பண்டம் மட்டும் நீட்டவே வேண்டாம்.