தேநீர் தீர்வதற்குள் தேவாலயம் சேர்வது எப்படி

இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்கள் பலவற்றில், கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் தேநீர் தருகிறார்கள். ஊர்க்காரர்கள் வீட்டில் செய்து கொண்டுவரும் கேக்குகளை விற்று, கூரையையோ மணிக்கூண்டையோ பழுதுபார்க்கப் பணம் சேர்ப்பதே பெரும்பாலும் நோக்கம். வயல்வெளிகளில் நடந்து அந்தத் தேநீரில் முடிக்க விரும்புகிறவர், தேநீர் வேளையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஐந்து மணி வரை என்று பலகையில் எழுதியிருந்தாலும், நல்ல கேக் நான்கு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்பதை நான் ஒருமுறை வெறும் பிஸ்கட்டைத் தின்று கற்றுக்கொண்டேன்.

கணக்கிடுவதற்கு, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும். அதன்படி, 150 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும். ஆனால் இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சேறு, வேலிகளைத் தாண்டும் படிகள், புகைப்படம் எடுப்பது ஆகியவற்றுக்காக இன்னும் முக்கால் மணி நேரம் சேர்த்தால், மூன்றேகாலுக்குத் தேவாலயத்தில் இருக்க வேண்டியவர் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும்.

ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் இந்த நடைக்கு ஏற்றது. 1:25,000 அளவில் அச்சிடப்படும் அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். பொது நடைபாதைகள் பச்சை நிறச் சிறு கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். தேவாலயத்தையும் அது வகைப்படுத்திக் காட்டுகிறது: சிலுவை ஏந்திய கருஞ்சதுரம் என்றால் தட்டையான கோபுரம், கருவட்டம் என்றால் ஊசிக்கோபுரம் அல்லது குவிமாடம், வெறும் சிலுவை என்றால் இவை எதுவும் இல்லை. தொலைவில் மரங்களுக்கு மேலே தெரிவது நாம் தேடும் ஊர்தானா என்று சரிபார்க்க இந்தச் சிறு குறி போதும். பழைய காலத்தில் சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்து மக்கள் வழிபாட்டுக்கு நடந்தே வந்ததால், பல பாதைகள் இன்றும் தேவாலய வாசலிலேயே வந்து கூடுகின்றன.

பாதை தனியார் நிலத்தின் ஊடே செல்வதைக் கண்டு தயங்க வேண்டாம்; பொது நடைபாதையில் நடப்பது சட்டப்படியான உரிமை. இப்பாதைகளை அளந்து பதிவுசெய்யும் பொறுப்பை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழவர் பயிரிடுவதற்காக உழுதுவிட்டால், முதல் உழவிலிருந்து 14 நாட்களுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு மீண்டும் நடக்கும்படி செய்துதர வேண்டும். மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கானது. நீல அம்புக்குறியுள்ள பாதையில் குதிரைகளும் சைக்கிள்களும் வரலாம்.

அரைவட்டக் கூண்டுக்குள் ஊசலாடும் கதவு ஒன்று வழியில் எதிர்ப்படும். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து, கூண்டின் மூலையில் ஒதுங்கி நின்று, கதவை மறுபக்கம் இழுத்துவிட்டு வெளியேற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும், பெரிய முதுகுப்பை இருந்தால் அதைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ள நேரும். மற்றக் கதவுகள் எப்படி இருந்தனவோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். கன்றுகளோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகாமல் விலகிச் சுற்றிப் போவதே நல்லது. நாயோடு செல்கிறவரை மாடு துரத்தினால், நாயின் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பிவிடும், நம்மால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது.

தேவாலய முகப்பு மண்டபத்தில் சேறு படிந்த காலணியைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே செல்வது மரியாதை. கோடையிலும் அந்தக் கல்தரை குளிர்ந்து கிடக்கும் என்பதால், உலர்ந்த தடித்த காலுறை ஒரு ஜோடியைப் பையில் வைத்திருங்கள். சில்லறையாகப் பணமும் தேவை, ஏனெனில் பல இடங்களில் கட்டணம் ஒரு தட்டில் போடும் நன்கொடைதான். முட்டை சேர்க்காதவர்கள் எடுக்கும் முன்பே கேட்டுவிடலாம். நடுவில் ஜாம் தடவிய விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் முட்டை சேர்த்துச் செய்வது, ஸ்கோன் எனும் சிறு மென்ரொட்டியின் மேற்புறத்திலும் முட்டை பூசியிருக்கக்கூடும். ஸ்கோனை இரண்டாகப் பிளந்து, தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில் முதலில் கெட்டிக் க்ரீமையும் பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் முதலில் ஜாமையும் தடவுகிறார்கள். மற்ற ஊர்களில் உங்கள் விருப்பம். க்ரீமை மேலே வைத்தால் தாராளமாக வைக்கலாம் என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குப் பேருந்து அரிது. எனவே தேவாலயத்திலேயே தொடங்கி அங்கேயே வந்து முடியும் வட்டப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். காரை நிறுத்தும்போது வழிபாட்டுக்கு வருவோரின் இடத்தையும் பண்ணை வாயிலையும் அடைக்காதீர்கள். கிளம்புமுன் கோப்பையையும் தட்டையும் பாத்திரம் கழுவும் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.