பின்வளவில பயர் பிட்: காஸா விறகா, எப்பிடி முடிவெடுக்கிறது?

கோடை வந்தாலே கடை வாசல்ல பயர் பிட்டை (வளவில நெருப்பு மூட்டிச் சுத்தி இருந்து குளிர் காயிற அடுப்பு) அடுக்கி வைச்சிடுவாங்கள், பாத்த உடன ஒண்டைத் தூக்கிக்கொண்டு வரத்தான் மனம் சொல்லும். கொஞ்சம் பொறுங்கோ, முதல்ல இதை வாசியுங்கோ.

1. முதல்ல சட்டம், பிறகுதான் வடிவு

ரொறன்ரோவுக்குள்ள (ஸ்காபரோ, எற்றோபிக்கோ எல்லாம் சேர்த்துத்தான்) வீட்டு வளவில விறகு எரிக்க ஏலாது. சிமினியா எண்டு சொல்லுற, புகைபோக்கி வைச்ச சின்ன மண் அடுப்பெண்டாலும் அதே கதைதான், புகை வராது எண்டு விக்கிற இரும்பு அடுப்புக்கும் விலக்கு இல்லை. கடையில விக்கிறாங்கள்தானே எண்டு கேக்காதேங்கோ, கடைக்காரன் உங்கட சிற்றி சட்டத்தைப் பாத்து விக்கிறதில்லை. கம்பனி செய்த காஸ் பயர் பிட்டை அவை சொன்ன முறைப்படி பாவிக்கலாம், அதுக்குத் தடை இல்லை. மார்க்கம், அஜாக்ஸ், பிரம்ரன் எண்டு போனா ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சட்டம், அந்தந்த சிற்றியின்ர தீயணைப்புப் பகுதி வெப்சைட்டைப் பாருங்கோ. வீட்டு இன்சூரன்ஸுக்கும் ஒரு கோல் அடிச்சு விடுங்கோ.

2. உங்களுக்கு என்ன வேணும்?

குளிர் காயத்தான் எண்டா விறகுதான் ராஜா. தணல் விழுந்தா பக்கத்தில இருக்கிற ஆளுக்கு நல்லா சூடு அடிக்கும், சோளம் வாட்டலாம், ஆனா காத்துத் திரும்பினா புகை முழுக்க பக்கத்து வீட்டு யன்னலுக்குள்ள போகும். காஸில பட்டனை அமத்தினா நெருப்பு, நிப்பாட்டினா சரி, சாம்பல் இல்லை. ஆனா சூட்டில கனக்க மேல போயிடும், ஒக்ரோபர் குளிருக்குக் காணாது. லாவா கல்லு போட்ட காஸ் பிட்டில இறைச்சி சுடவும் வேண்டாம், எண்ணெய் வடிஞ்சு பர்னர் அடைச்சுப்போகும்.

3. காஸ் எண்டா சிலிண்டரா லைனா?

முதல்தரம் வாங்கிற ஆக்களுக்கு புரோப்பேன் சிலிண்டர் காணும் எண்டுதான் நான் சொல்லுவன். பாபகியூவுக்குப் பாவிக்கிற அதே 20 பவுண்ட் சிலிண்டர்தான், அதில கிட்டத்தட்ட 4,30,000 பீரீயூ (சூட்டை அளக்கிற அலகு) இருக்கும், உங்கட பிட் மணித்தியாலத்துக்கு 50,000 பீரீயூ எண்டா முழுசா எரிச்சா 8 மணித்தியாலத்துக்கு மேல வரும். வீட்டு காஸ் லைனில இருந்து எடுத்தா சிலிண்டர் மாத்திற கரைச்சல் இல்லை, ஆனா லைசன்ஸ் உள்ள காஸ் ரெக்னீசியன்தான் பூட்டோணும், நிலத்தைக் கிண்டிறதுக்கு முதல் 'ஒன்ராறியோ வன் கோல்' எண்ட சேவைக்கு அறிவிக்கோணும், கீழ என்ன வயர் என்ன பைப் போகுது எண்டு இலவசமா அடையாளம் போட்டுத் தருவினம். புரோப்பேனுக்குச் செய்த பிட்டை அப்பிடியே வீட்டு லைனில கொழுவக்கூடாது, ரெண்டுக்கும் காஸ் வாற துவாரத்தின்ர அளவு வேற.

4. வைக்கிறதும் கொழுத்திறதும்

மேல கூரை, மரக்கொப்பு, குடை ஒண்டும் இருக்கக்கூடாது. வேலி, சுவரில இருந்து எவ்வளவு தூரம் எண்டு மனுவலில போட்டிருக்கும், அதைக் குறைக்காதேங்கோ. சிலிண்டரைப் பூட்டின உடன ஹோஸ் மூட்டில சவர்க்காரத் தண்ணி பூசிப் பாருங்கோ, குமிழி வந்தா லீக். புரோப்பேன் காத்தை விடப் பாரம், லீக் ஆனா மேல போகாமல் நிலத்தோட தேங்கி நிக்கும், அதாலதான் சிலிண்டரை பேஸ்மென்றிலயோ கராஜிலயோ வைக்கக்கூடாது எண்டுறது. கூழ்முட்டை மணம் வந்தா வால்வை மூடிப்போட்டு விலகி நில்லுங்கோ. வடிவா இருக்கெண்டு ஆத்துக் கல்லை எடுத்துப் போட வேண்டாம், உள்ளுக்க ஈரம் இருந்தா சூட்டில வெடிக்கும்.

5. விறகு எரிக்க அனுமதி இருக்கிற இடம் எண்டா

ஒரு வருசமாவது காஞ்ச மேப்பிள், ஓக் விறகு வாங்குங்கோ, ஈர விறகு புகையைத்தான் தரும். பெயின்ற் அடிச்ச பலகை, பழைய டெக் பலகை போடவே கூடாது, நஞ்சு. இங்கத்தைய விறகைக் காரில ஏத்திக்கொண்டு கொட்டேஜுக்குப் போகவும் வேண்டாம், ஆஷ் மரங்களை அழிச்ச வண்டு அப்பிடித்தான் ஊரூராப் பரவினது. முடிச்ச பிறகு தண்ணி ஊத்திக் கிளறி, இன்னும் ஒருக்கா ஊத்துங்கோ. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில போட்டு டெக்கில வைக்காமல் கொங்கிறீற்றில வையுங்கோ, உள்ளுக்க தணல் நாள்கணக்கில உயிரோட கிடக்கும்.