காலோவின் போர்க்களம்: செப்புத் தகட்டில் தொலைவைக் காட்டும் முறை

லொரேன் நாட்டு (இன்றைய கிழக்குப் பிரான்ஸ்) அச்சோவியக் கலைஞர் ஜாக் காலோவின் போர்க் கொடுமைகள் வரிசை 1633இல் வெளிவந்தது. அதன் 18 அச்சோவியங்களும் ஏறத்தாழ 8 செ.மீ. உயரமும் 18 செ.மீ. அகலமும் கொண்டவை. கொள்ளையடித்த வீரர்களை மரத்தில் தூக்கிலிடும் காட்சியில் அந்தச் சிறு பரப்புக்குள் ஒரு படையே திரண்டு நிற்கிறது; ஆயினும் கூட்டம் குழம்புவதில்லை. தொலைவிலுள்ளவற்றை மெல்லிய கோடாகவும் அருகிலுள்ளவற்றை ஆழ்ந்த கோடாகவும் அமிலம் அரிக்கும்படி அவர் செய்ததே முக்கியக் காரணம்.

பூச்சிட்ட செப்புத் தகட்டில் கோடு கீறி, கீறிய இடத்தை மட்டும் அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளங்களில் மையிட்டு அச்செடுக்கும் இம்முறையை நாமும் செய்து பார்க்கலாம். முதலில் தகட்டின் விளிம்புகளைச் சரிவாக அராவி, எண்ணெய்ப் பிசுக்கை முற்றிலும் நீக்கி, அமிலம் புகாத பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள். காலோ மெழுகுக்கு மாற்றாக, யாழ் போன்ற லூட் கருவியைச் செய்வோரின் கடின வார்னிஷைப் பயன்படுத்தினார். அது எளிதில் உதிராததால் கோடு துல்லியமாக விழுந்தது. நமக்குக் கடையில் கிடைக்கும் கடினப் பூச்சே போதும்.

அடுத்து, வரைபடத்தை இடவலம் மாற்றித் தகட்டில் பதியுங்கள். மறந்தால் அச்சில் வீரர்கள் அனைவரும் இடக்கையால் வாள் வீசுவார்கள். என் முதல் படை அப்படித்தான் போரிட்டது. பிறகு, முனையைச் சாய்வாகத் தீட்டிய தடித்த ஊசியால் பூச்சை மட்டும் கீறுங்கள். ஊசியை விரல்களுக்கிடையே மெல்லத் திருப்பினால், ஒரே கோடு மெலிந்தும் பருத்தும் வரும். காலோ கையாண்ட எஷோப் என்னும் கருவி இவ்வகையைச் சேர்ந்ததே.

இனி முக்கியமான கட்டம். கையுறை அணிந்து, தகட்டை, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முகம் கீழாக, தொட்டியின் அடியைத் தொடாமல் வையுங்கள். இல்லையேல் படியும் வண்டல் கோடுகளை அடைத்துவிடும். சுமார் 10 நிமிடத்தில் எடுத்துக் கழுவி உலர்த்தி, தொலைவிலுள்ள மலை, கூடாரம், ஈட்டி வரிசை ஆகியவற்றின் மீது வார்னிஷ் பூசி, மேலும் அரிபடாதபடி அடைத்துவிடுங்கள். நடுப்பகுதிக்கு மேலும் 15 நிமிடம் தந்து அதையும் அடைத்தபின், முன்னணி உருவங்களை மட்டும் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். கரைசலின் செறிவுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப இந்நேரங்கள் மாறுமாதலால், சிறு துண்டுத் தகட்டில் முன்னரே சோதிப்பது நல்லது.

பூச்சை நீக்கி, மையைக் கோடுகளுக்குள் அழுத்தி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சு எந்திரத்தில் செலுத்துங்கள். முன்னணி வெளிறியிருந்தால் மறுபடி பூச்சிட்டு அரிக்கலாம். பின்னணி கருத்துவிட்டாலோ, செம்பைத் தேய்த்து மழுக்குவதைத் தவிர வழியில்லை.