நம்ம மாவட்டத்தில் எலும்பு டி.பி. எத்தனை பேருக்கு? எண்ணிப் பார்க்க ஒரு வழி

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் காசநோய்த் திட்டத்தில் எஸ்.டி.எஸ். ஆக, அதாவது முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளராக, பல வருடம் பைக்கில் அலைந்தவன் நான். எலும்பு மருத்துவமும் சமூக மருத்துவமும் படிக்கிற முதுகலை மாணவர்கள் ஆய்வுக்காக வந்தால் முதலில் கேட்பது, "அண்ணே, நம்ம மாவட்டத்துல எலும்பு டி.பி. எத்தனை இருக்கும்?" என்றுதான். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய் இணையப் பதிவைத் திறந்தால் ஒரு எண் வரும். அதை மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணில் இருப்பவர்கள் கண்டுபிடிக்கப்பட்டு, பதிவும் ஆனவர்கள் மட்டும். மிச்சப் பேரை எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கலாமே என்று தோன்றும். சரிவராது. 1968ல் செங்கல்பட்டில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வாகட்டும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பாகட்டும், சளியையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் நம்பி நடந்தவை. முதுகெலும்பில் டி.பி. உள்ளவருக்குப் பெரும்பாலும் இருமல் இருக்காது, நெஞ்சுப் படமும் பல நேரம் சுத்தமாக இருக்கும். இன்னொன்று, எண்ணிக்கை. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய 200 பேருக்குப் புதிதாக டி.பி. வருகிறது. அதில் எலும்பு, மூட்டு டி.பி. நூற்றுக்கு 1 முதல் 3 வரை. லட்சம் பேர் வீட்டுக் கதவைத் தட்டினால் நாலைந்து பேர்தான் கிடைப்பார்கள். ஆகவே பதிவேடுகள்தான் வழி.

பதிவேட்டைத் தொடும் முன் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் மூன்று கட்டம் போடச் சொல்வேன். சீழிலோ திசுவிலோ சிபிநாட், ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனைகள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், இதில் எதிலாவது கிருமி தெரிந்தவர்கள் முதல் கட்டம். பயாப்சி அறிக்கையில் மட்டும் டி.பி. என்று வந்தவர்கள் இரண்டாவது. எம்.ஆர்.ஐ. படத்தையும் மருத்துவரின் முடிவையும் வைத்து மருந்து தொடங்கியவர்கள் மூன்றாவது. எலும்பில் கிருமி குறைவாகவே இருக்கும் என்பதால் முதல் கட்டம் மட்டும் போதும் என்றால் நிறையப் பேரை இழப்பீர்கள். மூன்றாவதையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் வேறு நோய்க்காரர்கள் உள்ளே வருவார்கள். ஆடு மாடு வளர்க்கிற வீடுகளில் புருசெல்லா கிருமியும் இதே மாதிரி முதுகைப் பிடிக்கும். எலும்புக்குப் பரவிய புற்றுநோயும் படத்தில் ஏமாற்றும். அதனால் ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவர் கோப்பையும் மறுபடி பாருங்கள். நோயின் பெயர் மாறியிருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நிக்‌ஷய். 2012 முதல் தனியார் மருத்துவர்களும் டி.பி. நோயாளியைத் தெரிவித்தாக வேண்டும். இங்கே புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. ஒருவருக்கு நுரையீரலிலும் எலும்பிலும் நோய் இருந்தால் திட்டக் கணக்கில் அவர் நுரையீரல் நோயாளிதான். எலும்பு என்று வடிகட்டித் தேடினால் அவர் வரவே மாட்டார். நான் கண்டுகொண்ட வழி மருந்துக் காலத்தைப் பார்ப்பது. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் முதுகெலும்பு டி.பி.க்கு நடத்திய ஆய்வில் 6, 9 மாத மருந்திலேயே பெரும்பாலானோர் குணமானார்கள். ஆனாலும் 2016 இந்திய வழிகாட்டுதல் எலும்புக்கு 12 மாதம் சொல்கிறது, தேவைப்பட்டால் 18 வரை. ஆகவே நுரையீரல் என்று பதிவாகி, மருந்து எதிர்ப்பு இல்லாமல், வழக்கமான ஆறு மாதத்தைத் தாண்டி மருந்து ஓடுகிறதா? அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். முதுகோ இடுப்போ மூட்டோ உள்ளே எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. "இதர உறுப்பு", "சீழ்க்கட்டி" என்று மட்டும் எழுதி விட்ட வரிகளையும் விடாதீர்கள். இடுப்புத் தசையில் இறங்கிய சீழ் பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்து வந்ததாக இருக்கும்.

மருத்துவமனை ஆவணப் பிரிவில் எலும்பு, முதுகெலும்பு டி.பி.க்கான நோய்க் குறியீடு ஏ18.0, எம்49.0 இரண்டையும் கேளுங்கள். அதோடு நிறுத்தினால் பாதிதான். கால் மரத்துப்போய்ச் சேர்ந்தவர் இரு கால் வாதம் (பாராப்ளீஜியா) என்ற குறியீட்டில் இருப்பார். ஆபரேஷன் தியேட்டர் பதிவேடு, பயாப்சி ஆய்வகப் பதிவேடு, சிபிநாட் ஆய்வகத்தில் மாதிரி என்ற கட்டத்தில் "சீழ்", "திசு" என்று எழுதிய வரிகள், இவை மூன்றும் எனக்கு எப்போதும் கைகொடுத்தன. ஒருமுறை ஒரு தனியார் மருத்துவமனையின் தியேட்டர் நோட்டில் மட்டும் இருந்த ஒரு பையனைப் பார்த்தேன். பயாப்சியில் டி.பி. என்று வந்திருக்கிறது, வேறு எந்தப் பதிவிலும் அவன் இல்லை. மருந்துக் கடைகளும் 2014 முதல் டி.பி. மருந்து விற்பனையை எச்1 பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பொறுமை இருந்தால் அதிலும் ஆள் கிடைப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நெறிமுறைக் குழு அனுமதியும், மாவட்டக் காசநோய் அலுவலரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

எல்லைப் பிரச்சினையை எங்கள் ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. பழைய வருடங்களை அப்படியே ஒப்பிட்டால் திருநெல்வேலியில் நோய் திடீரென்று குறைந்த மாதிரி தெரியும். செங்கோட்டைக்காரர் மலை தாண்டிக் கேரளத்தில் வைத்தியம் பார்ப்பார். சங்கரன்கோவில்காரர் மதுரைக்குப் போவார். பெரிய அறுவைக்குப் பாளையங்கோட்டைக்கு வருகிறவர் மூன்று மாவட்டத்துக்காரர். மருத்துவமனை முகவரியை விட்டு, நோயாளி குடியிருக்கும் ஊரை வைத்து எண்ணுங்கள். பிறகு தாலுகா வாரியாகப் பிரித்தால் பழைய வருடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது எலும்பு டி.பி.யில் மிகச் சுலபம். மருந்து ஒரு வருடம் ஓடுவதால் சிகிச்சையில் இருப்போர் பட்டியலை எடுத்தால் அவர் இரண்டு ஆண்டிலும் இருப்பார். நோய் கண்டறிந்த தேதியை வைத்து மட்டும் எண்ணுங்கள். பெயரையும் நம்பாதீர்கள். இசக்கியம்மாள், எசக்கியம்மாள், வெறும் இசக்கி, மூவரும் ஒருவராக இருக்கலாம். இனிஷியல் ஓரிடத்தில் அப்பாவுடையது, இன்னோரிடத்தில் வீட்டுக்காரருடையது. போன் நம்பர் மகனுடையது. பெயர், வயது, ஊர், நோய் உள்ள எலும்பு, நான்கும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று முடிவு செய்வேன்.

இரண்டு பட்டியலும் சுத்தமானதும் விட்டுப்போனவர்களைக் கணக்கால் தேடலாம். பேச்சுக்கு, நிக்‌ஷயில் 40 பேர், பயாப்சி ஆய்வகத்தில் 30 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 20 பேர் என்று வையுங்கள். நாற்பதை முப்பதால் பெருக்கி இருபதால் வகுத்தால் 60. கையில் இருக்கும் பெயர்கள் 50 தான். ஆக, இரண்டிலும் சிக்காதவர்கள் சுமார் 10 பேர். மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டு, மறுபடி வலை வீசி எண்ணும் கணக்குத்தான் இது. ஒரு எச்சரிக்கை: ஆய்வகமே நிக்‌ஷயில் பதிவு செய்கிற இடமாக இருந்தால் இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சார்ந்துவிடும், விடை உண்மையைவிடக் குறைவாக வரும். ஆய்வில் அதை எழுதுங்கள்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமான பகுதி: நோயாளியோடு பேசுவது. "எலும்பு டி.பி. இருந்ததா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். நம் ஊரில் எலும்புருக்கி என்பது டி.பி.க்கே பழைய பெயர், இளைத்து இருமிச் சாகிற நோய். தனக்கு வந்தது அது இல்லை என்று அவர்கள் நம்புகிறார்கள். "முதுகுக்காக ஒரு வருசம் மாத்திரை சாப்பிட்டீங்களா, மூத்திரம் ஆரஞ்சாப் போச்சா?" என்று கேளுங்கள், உடனே தலையாட்டுவார்கள். வலி எப்போது தொடங்கியது என்பதற்கும் தேதி கேட்காதீர்கள். சாரல் சமயமா, ஆடித்தபசுக்கு முன்னாலா, பங்குனி உத்திரத்துக்கு மலை ஏற முடிந்ததா என்று கேட்டால் மாதம் துல்லியமாக விழும்.

பீடி சுற்றும் ஓர் அக்காவை என்னால் மறக்க முடியவில்லை. தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருக்கிற வேலை, முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று அவரும் நினைத்தார், பார்த்தவர்களும் நினைத்தார்கள். முதலில் எண்ணெய், பிறகு வர்மம், அப்புறம் "தேய்மானம்" என்று ஊசி. ராத்திரியில் வலி அதிகம், சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைக்கிறது என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கால் இழுத்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. அதனால்தான் உங்கள் படிவத்தில் வயது, பால், எந்த எலும்பு என்பதோடு வலி தொடங்கியதற்கும் மருந்து தொடங்கியதற்கும் இடைப்பட்ட மாதங்கள், மருந்து தொடங்கிய அன்று நடக்க முடிந்ததா, என்ன வேலை, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., வீட்டில் முன்பு டி.பி. என்ற கட்டங்களும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டம்: கூன். நோய் ஆறிய பிறகும் வளர வளரக் கூன் கூடும் என்பதால் அளந்த தேதியோடு எழுதுங்கள்.

விகிதம் போடும்போது அவசரம் வேண்டாம். தென்காசி மாவட்டப் பகுதியின் மக்கள்தொகை 2011 கணக்கில் சுமார் 14 லட்சம். லட்சத்துக்கு 4 என்றால் வருடத்துக்கு 56 பேர். அதைத் தாலுகாக்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஏழெட்டுப் பேர். ஒரு தாலுகாவில் 4 பேர் 8 ஆனதை இரட்டிப்பு என்று எழுதாதீர்கள், சும்மாவே அப்படி ஏறி இறங்கும். 25 பேர் என்று எண்ணினால்கூட அது 15 முதல் 35 வரை எங்கேயும் இருக்கலாம். ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2020ஐ மட்டும் தனியே வையுங்கள். அந்த ஆண்டு நாடு முழுதும் பதிவான டி.பி. நோயாளிகள் 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாகக் குறைந்தார்கள். ஊரடங்கில் மருத்துவமனைக்கு வர முடியவில்லை, நோய் குறையவில்லை.

தேடும்போது பதிவே ஆகாமல் மருந்து சாப்பிடும் ஒருவரோ, பாதியில் நிறுத்திவிட்ட ஒருவரோ கட்டாயம் கண்ணில் படுவார். படிவத்தை மூடிவிட்டு அன்றைக்கே அந்தப் பகுதி எஸ்.டி.எஸ்.க்குப் போன் செய்யுங்கள். பதிவானால்தான் மாதாமாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகையும் இலவச மருந்தும் அவருக்குப் போகும்.