ஒரே தாச்சியில் முட்டைப் புட்டு

வன்னியில் விடிய வயலுக்குப் போகிறவருக்கு 2 துண்டு பாண் காணாது. இரவு மிஞ்சிய சிவப்பரிசிமாப் புட்டு 3 கோப்பை இருந்தால், ஒரே தாச்சியில் 3 பேருக்கு வயிறு நிறையச் சமைத்துவிடலாம்.

முதலில் புட்டைக் கையால் உதிர்த்து, காய்ந்திருந்தால் கொஞ்சம் வெந்நீர் தெளித்து மூடி வையுங்கள். இதை விட்டால் தொண்டையில் அடைக்கும். தாச்சியில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பிறகு ஒரு பிடி சின்ன வெங்காயம். அது பொன்னிறமாகும் வரை பொறுங்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. முருங்கையிலை 2 பிடி போட்டு உப்புடன் வதக்குங்கள்.

சரி, இப்போது எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் 4 முட்டையை உடைத்து ஊற்றி, அரைவாசி இறுகியதும் கிளறி உடனே புட்டைக் கொட்டுங்கள், ஏனென்றால் முட்டை முழுக்க வெந்துவிட்டால் புட்டோடு சேராமல் தனியே நிற்கும். மிளகுத்தூள் தூவி, மெல்லிய நெருப்பில் 5 நிமிடம் பிரட்டுங்கள். விறகடுப்பென்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிடுங்கள். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான். முதல்நாள் மீன்குழம்பு கொஞ்சம் கிடந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.